அது என் சோப்பு இல்லை

டஸ்கம்பியா, அலபாமா
மே 3, 1970

வெர்டெல்,

நாலு வருஷம் கழித்து அக்கா கடிதம் போடுகிறாளே, யாராவது செத்துவிட்டார்களோ என்று பயப்படாதே. எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம். உன் அத்தான் லூசியஸுக்கு முதுகு வலி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அந்த வலியும் எங்கேயோ போய்விடுகிறது. உன் முகவரியைப் பாதிரியார் மனைவியிடம் வாங்கினேன். அவளுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறாய், எனக்கு அனுப்புவதில்லை. இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை லாண்டரியில் ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முதலாளியின் மகள் ரேடியோவைத் திருகினாள். நாலு பேர் சேர்ந்து தகரக் கொட்டகையை இடிக்கிற மாதிரி ஒரு சத்தம். கிடார் அலறுகிறது. டிரம்ஸ் அடிக்கிறவன், போலீஸ்காரன் கதவைத் தட்டுவது போலத் தட்டுகிறான். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் ஒரு பையன் தொண்டை கிழியக் கத்தினான்:

உன் காலரில் மணக்குது ரோஜா,
அது என் சோப்பு இல்லை.

என் கை நின்றுவிட்டது. விரிப்பில் இஸ்திரிப்பெட்டியின் அச்சு பழுப்பாக விழுந்துவிட்டது. பத்தொன்பது வருஷ வேலையில் இதுதான் முதல் தடவை.

அது என் பாட்டு. நான் கட்டி, நான் பாடி, லூசியஸ் ஆர்கன் வாசித்து, நீ எனக்குப் பின்னால் நின்று எதிர்பாட்டு சொல்லி, அறுபத்தாறாம் வருஷம் இசைத்தட்டாக வந்த பாட்டு. அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் கொஞ்சம் பேர் வாங்கினார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள். யாரோ முகம் தெரியாத பையன்கள் அதை எடுத்து ராக் ஆக்கியிருக்கிறார்கள். அதுகூடப் போகட்டும். அந்தப் பையனுக்குப் பின்னால் ஒரு பெண் எதிர்பாட்டு சொல்கிறாள். நூறு பேர் கூட்டத்தில் கத்தினாலும் அந்தக் குரல் எனக்குத் தெரியும். அம்மா போன பிறகு உனக்குத் தலை பின்னிக்கொண்டே பாடக் கற்றுக்கொடுத்தவள் நான்.

நேராகப் பதில் எழுது. என் பாட்டை அவர்களிடம் தூக்கிக் கொடுத்தது நீயா?

ஓசெல்லா


லாஸ் ஏஞ்சலிஸ்
மே 14, 1970

அன்புள்ள அக்கா,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் பிரிக்காமல் அலமாரி மேல் வைத்திருந்தேன். பக்கத்துப் பாத்திரங்களெல்லாம் என்னை முறைப்பது போல இருந்தது.

நான் கொடுக்கவில்லை. பைபிள் மேல் கை வைத்துச் சொல்கிறேன். பின்பாட்டுப் பாட அரை நாள் வேலை என்று கூப்பிட்டார்கள், போனேன். இங்கே எனக்கு அதுதான் பிழைப்பு. யாருடைய பாட்டு என்று விசாரித்துக்கொண்டு யாரும் போவதில்லை. போனால் நாலு வெள்ளைக்காரப் பையன்கள், முடி தோளைத் தொடுகிறது. எந்த ஊர் என்று கேட்டேன். பர்மிங்ஹாம் என்றார்கள். நம் அலபாமா பர்மிங்ஹாம் என்று எனக்கு ஒரே சந்தோஷம், எந்தச் சர்ச் என்று கேட்டுவிட்டேன். இங்கிலாந்திலும் ஒரு பர்மிங்ஹாம் இருக்கிறதாம்.

கிடார் வாசிக்கிற கொலின்தான் அவர்களுக்குத் தலைவன். பையிலிருந்து ஓர் இசைத்தட்டை, பிறந்த குழந்தையைத் தூக்குவது போல, இரண்டு கையாலும் எடுத்தான். உன் தட்டு. பழைய சாமான் கடையில் கிடைத்ததாம். ‘இதப் பாடின அம்மா இப்ப உயிரோட இல்லையா?’ என்று கேட்டான். ‘செத்தவ இவ்ளோ கோவமாவா இருப்பா?’ என்றேன். அவள் என் அக்கா என்று சொல்லவில்லை.

என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன், கேள். அத்தான் ஆர்கனில் சுழற்றிச் சுழற்றி வாசித்ததைக் கொலின் கிடாருக்கு எடுத்துக்கொண்டான். ஒலிபெருக்கிக்குள் இருக்கிற தாளை பிளேடால் கீறிவிட்டு அதில் வாசித்தான், அதனால்தான் அந்த அலறல். உன் பாட்டில் குழல் ஊதிய மூன்று பேருக்கும் இதில் வேலை இல்லை. உன் பாட்டில் டிரம்ஸ் ஒரு இழை தாமதமாக விழும், வயதானவர் படியிறங்குகிற மாதிரி. இவர்கள் அதை முன்னால் தள்ளிவிட்டார்கள். நீ வீட்டுக்குள்ளே கதவைச் சாத்திக்கொண்டு புருஷனிடம் கேட்டாய். இவர்கள் தெருவில் நின்று கேட்கிறார்கள். மற்றபடி பாட்டு அதே பாட்டுதான்.

ஆனால் மூன்றாவது சரணத்தில் நீ தாளத்தில் நாலு தட்டு பாடாமல் நிற்பாயே, அந்தப் பள்ளம், அதில்தான் பையன்கள் மயங்கிப் போனார்கள். கடிகாரம் வைத்து அளந்தார்கள். எட்டுத் தட்டாக நீட்டி எல்லாச் சரணத்திலும் வைத்துவிட்டார்கள். மேடையில் அந்த இடம் வந்தால் கூட்டம் மொத்தமும் கை தட்டுகிறது. ‘அங்க நிறுத்தணும்னு அவங்களுக்கு எப்படித் தோணிச்சு?’ என்று கொலின் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். எனக்கும் தெரியாது. எப்படி அக்கா தோன்றியது?

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

வெர்டெல்


டஸ்கம்பியா
மே 25, 1970

வெர்டெல்,

லூசியஸை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாய். சொல்லவில்லை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பத்தாவது வரை படித்தவள், நன்றாகத்தான் எழுதுகிறாய். என் பாட்டு தெருவுக்குப் போனதைக்கூடப் பெருமையாக எழுதுகிறாய். அந்தப் பாடுகிற பையன் வாழ்நாளில் ஒரு சட்டை துவைத்திருப்பானா? காரச் சோப்பில் விரல் நுனி வெடித்து, அந்த வெடிப்பில் உப்பு பட்டால் எப்படி இருக்கும் என்று அவனைக் கேட்டுப் பார். நான் கோபத்தை மூன்றாவது சரணம் வரைக்கும் மடியில் வைத்துக் காத்தேன். கேட்கிறவர்களுக்கே ‘எப்போது கேட்கப் போகிறாள், எப்போது கேட்கப் போகிறாள்’ என்று இருக்கும். இவன் முதல் வரியிலேயே எடுத்து எறிந்துவிட்டான். அப்புறம் எறிய எதுவுமில்லாமல் கடைசிவரை கத்துகிறான்.

பணம், உரிமை எல்லாவற்றையும் இசைத்தட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். அது என் தலைவலி இல்லை. என் தலைவலி வேறு. போன ஞாயிறு ஜெபம் முடிந்து வாசலுக்கு வருகிறேன், பெட்வே அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு ‘உன் தங்கச்சி பாட்டு ரேடியோல வருதாமே, ரொம்பச் சந்தோஷம்’ என்கிறாள். தங்கச்சி பாட்டு. அவளுடைய தொப்பி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். நன்றாக இல்லை.

வீட்டுக்கு வந்து மீன் பொரித்துப் போட்டேன். பக்கத்து வீட்டு ரேடியோவில் அதே பாட்டு. லூசியஸ் சோள ரொட்டியைப் பிய்த்தபடியே கேட்டார். நான் கட்டிய பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று நின்றேன். ‘வெர்டெல் குரல் அப்படியேதான் இருக்கு’ என்றார். அவர் தட்டிலிருந்து மீனை எடுத்து நாய்க்குப் போட்டிருப்பேன் என்றுதானே நினைக்கிறாய்? போடவில்லை. நினைத்தேன்.

அந்தப் பள்ளத்தைப் பற்றிக் கேட்காதே. நான் கேட்பதற்குப் பதில் சொல். அவர்களிடம் உன் அக்கா என்று ஏன் சொல்லவில்லை?

ஓசெல்லா


சிகாகோ
ஜூன் 9, 1970

அக்கா,

இப்போது அவர்களோடு ஊர் ஊராகப் போகிறேன். உன் கடிதம் என்னைத் தேடிக்கொண்டு மூன்று ஓட்டல் சுற்றி வந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். பொறாமை, வேறென்ன. பாடப் பிறந்தவள் என்று ஊரில் உன்னைத்தான் சொல்வார்கள். சர்ச்சில், பள்ளிக்கூடத்தில், மீன் கடையில் எங்கே போனாலும் நான் ஓசெல்லாவின் தங்கை. இரண்டாயிரம் மைல் வந்தது அந்தப் பெயரைக் கழற்றிப் போடத்தான். கழற்றிப் போட்டு நாலு வருஷம் ஆகிறது, ஒருவன் பையைத் திறந்து உன் தட்டை எடுக்கிறான். ‘என் அக்கா’ என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே நான் மறுபடியும் ஓசெல்லாவின் தங்கை.

உனக்கு என் மேல் பொறாமை என்று உன் கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது. படித்துவிட்டுச் சிரித்தேன். உனக்கு விஷயம் தெரியாது. அந்தப் பையனுக்கு வாரத்தில் மூன்று நாள் தொண்டை கட்டிவிடும். அன்றைக்கெல்லாம் நான்தான் முன்னால் வந்து உன் வரிகளைப் பாடுகிறேன். பள்ளம் வரும். எட்டாயிரம் பேர் கை தட்டுவார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய கைதட்டல், நீ பாடாமல் விட்ட இடத்தில் நான் பாடாமல் நிற்பதற்கு. சொந்தமாக ஆறு பாட்டு கட்டிப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொலின் ‘நல்லா இருக்கு’ என்றான். உன் தட்டைப் போட்டால் அவன் பேசவே மாட்டான்.

நேற்று அவனிடம் சொல்லிவிட்டேன். பாட்டுக்காரி என் அக்கா, டஸ்கம்பியாவில் இருக்கிறாள், கோபமாக இருக்கிறாள் என்று. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். ஜூலை 18, சனிக்கிழமை, பர்மிங்ஹாமில் கச்சேரி. நம்முடைய பர்மிங்ஹாமில்தான். அந்த ஒரு பாட்டை நீ வந்து பாட வேண்டும் என்கிறார்கள். நான் பின்னால் நிற்கிறேன், முன்பு நின்ற மாதிரி.

வருவாயா?

வெர்டெல்


டஸ்கம்பியா
ஜூன் 22, 1970

வெர்டெல்,

வர மாட்டேன்.

ஏன் என்று எழுதாவிட்டால் வயதாகிவிட்டது, பயந்துவிட்டாள் என்று அந்தப் பையன்களிடம் சொல்வாய். அதனால் எழுதுகிறேன். இதை எழுத நாலு வருஷம் ஆகியிருக்கிறது, அவசரப்படாமல் படி.

அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரம் லூசியஸின் வெள்ளைச் சட்டைக் காலரில் ரோஜா மணத்தது. ஊர் அழுக்கை எல்லாம் காரச் சோப்பில் வெளுக்கிறவளுக்கு வேறு சோப்பு தெரியாதா? டஸ்கம்பியாவில் அந்த ரோஜா சோப்பு ஒரே ஒருத்தியிடம்தான் இருந்தது. உன் பிறந்த நாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. அவரை ஒன்றும் கேட்கவில்லை. உன்னையும் கேட்கவில்லை. பாட்டு கட்டினேன்.

மூன்றாவது சரணத்தை ஒத்திகையில் பாடவில்லை. ஸ்டுடியோவுக்குப் போன அன்று காலைதான் கட்டினேன். அதில் ஒரு கேள்வி வைத்தேன். உங்கள் இரண்டு பேரையும் மைக் முன்னால், குழல்காரர், டிரம்ஸ்காரர் எல்லோரும் பார்க்க, கேட்டுவிடுவது என்று போனேன். ‘பித்தானை நானே தைத்தேன், மடிப்பை நானே தேய்த்தேன்’ என்று பாடிவிட்டேன். அடுத்த வரி அந்தக் கேள்வி.

ஆர்கன்காரர்களுக்கு இரண்டு கையும் கட்டையில், இரண்டு காலும் கீழே. தாடையால்தான் பேசுவார்கள். தாடை உயர்ந்தால் ‘நீ பாடு’ என்று அர்த்தம். பதினெட்டு வருஷமாக லூசியஸின் தாடை எனக்குத்தான் உயர்ந்தது. அன்றைக்கு அந்த இடத்தில் உயர்ந்தது. உன்னைப் பார்த்து உயர்ந்தது. நான் பார்த்தேன், வெர்டெல். கேள்வியைப் பாடாமல் விட்டுவிட்டேன். நாலு தட்டு போய்விட்டது. டிரம்ஸ்காரர் இரண்டு அடி போட்டுச் சமாளித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்தவர் ‘அருமை, அப்படியே இருக்கட்டும்’ என்றார். அடுத்த வாரம் நீ பஸ் ஏறிவிட்டாய்.

உன் கொலினிடம் சொல். நான் அங்கே யோசித்து நிறுத்தவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயத்தில் நிறுத்தினேன். எட்டாயிரம் பேர் கை தட்டுவது அந்தப் பயத்துக்குத்தான்.

அந்த வரி இன்னும் என் வாயிலேயே இருக்கிறது. உனக்கு எழுத மாட்டேன். கடிதத்தில் கேட்டால் நீ பதிலை யோசித்து எழுதுவாய்.

ஓசெல்லா


செயின்ட் லூயிஸ்
ஜூலை 1, 1970

அக்கா,

மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் கிழித்தேன். நீ சொன்னது சரி. யோசித்து எழுதுகிறேன்.

அதனால் வா. வந்து கேள். அத்தானையும் கூட்டிக்கொண்டு வா. பையன்களிடம் ஒன்றும் சொல்ல மாட்டேன், அந்த இடத்தில் அவர்கள் எப்போதும் போல நிறுத்துவார்கள். எட்டுத் தட்டு இருக்கிறது. நீ நாலில் கேள். மிச்சம் நாலில் நான் யோசிக்காமல் பதில் சொல்கிறேன்.

நீ வராவிட்டால் அன்றைக்கும் நான் அங்கே வாயை மூடிக்கொண்டு நிற்பேன். என்னால் முடியவில்லை அக்கா.

வெர்டெல்


அட்லாண்டா
ஜூலை 20, 1970

அக்கா,

பர்மிங்ஹாமில் நீ வந்து பாடி முடித்ததும் மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்து உன்னைத் தேடினேன். நீ போய்விட்டாய் என்று காவலாளி சொன்னான். ‘மஞ்ச ட்ரெஸ் போட்ட அம்மாவா? லாரி ஏறிப் போயிட்டாங்களே’ என்றான். எங்கள் பஸ்ஸும் கிளம்பிவிட்டது.

கை தட்டுகிற கூட்டத்தின் மேல் நீ அந்த வரியைப் போட்டாயே. ‘இதைப் பிழிந்த கை யார் கை?’ கத்தவில்லை. கொடியில் துணி போட்டுக்கொண்டே கேட்கிற மாதிரி கேட்டாய். முதல் வரிசை கை தட்டுவதை நிறுத்தியது. பின்வரிசையும் அப்படியே அடங்கியது. கொலின் கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டான். எதிர்பாட்டாகப் பாட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். பேச்சாகத்தான் வந்தது. ‘என் கைதான்க்கா.’

விளக்கு கண்ணில் அடித்தது, உன் முகம் தெரியவில்லை. அதனால் மிச்சத்தை எழுதுகிறேன். யோசிக்காமல் எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அத்தான் சர்ச் ஆர்கனின் பின்பக்கத்தைத் திறந்து எண்ணெய் விட்டார். டப்பா சரிந்து, நீ கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்த சட்டையில் கொட்டிவிட்டது. நேரே நான் குடியிருந்த வீட்டுக்கு ஓடி வந்தார். ‘உங்கக்கா பாத்தா என் தோல உரிச்சுக் கொடியில போட்டுடுவா. சாயங்காலத்துக்குள்ள வெளுத்துக் குடு’ என்றார். பனியனோடு வாசல்படியில் உட்கார்ந்து வீட்டுக்கார அம்மாவுக்குப் பட்டாணி உரித்துக் கொடுத்தார். சட்டை காய்ந்ததும் போட்டுக்கொண்டு போனார். நீ பயந்த பதில் இவ்வளவுதான்.

ஆனால் என் பக்கம் இவ்வளவுதான் இல்லை. கறை பத்து நிமிஷத்தில் போய்விட்டது. நான் அந்தச் சட்டையை ஒரு மணி நேரம் துவைத்தேன். உனக்குக் குரல் இருந்தது, பாட்டு இருந்தது, உனக்குப் பயந்துகொண்டு ஓடி வருகிற ஒரு மனுஷனும் இருந்தார். எனக்கு ஒரு சோப்பு இருந்தது, அதுவும் நீ கொடுத்தது. அப்புறம் உன் வீட்டில் உட்கார்ந்து உன் கையால் சாப்பிட என்னால் முடியவில்லை. ஒத்திகையில் பாட்டின் முதல் வரியைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, உனக்குத் தெரிந்துவிட்டது என்று. அந்த மூன்றாவது சரணத்தில் நான் எதிர்பாட்டு எடுக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு உறைந்து நின்றேன். அதனால்தான் அத்தான் எனக்குத் தாடையை உயர்த்தினார். வேறு எதற்கும் இல்லை.

இப்போது நீ என்ன வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

வெர்டெல்


டஸ்கம்பியா
ஜூலை 27, 1970

வெர்டெல்,

லூசியஸை எண்ணெய் விஷயம் கேட்டேன். நாலு வருஷம் கழித்து மாட்டிக்கொண்ட முகத்தோடு, ‘எண்ணென்னு சொல்லிருந்தா நீ ஆர்கனயே தூக்கி ஆத்துல போட்டிருப்ப’ என்றார். போட்டிருப்பேன். அவரைப் பட்டாணி உரிக்க உட்கார வைத்தேன். நன்றாகத்தான் உரிக்கிறார், இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போயிற்று.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன், தலைக்கனம் ஏறிவிடும். நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் லாண்டரியில் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் அப்போதைய உன் இருபத்து மூன்று வயதை நினைத்துப் பார்த்தேன். நான் உன்னை எனக்குப் பின்னால் மூன்று அடி தள்ளித்தான் எப்போதும் நிற்க வைத்தேன். மைக் ஒன்றுதான் இருந்தது என்பேன். இரண்டு இருந்தது.

அந்தக் கச்சேரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பையன்களிடம் சொல்லாதே. கொலின் அந்தக் கிடாரை முதலில் அலறவிட்டபோது எனக்குப் பின்னங்கழுத்து முடி நின்றது. ஸ்டுடியோவில் அன்றைக்கு என் வயிற்றுக்குள் இருந்த சத்தம் அதுதான். நான் அதை மடித்து உள்ளே வைத்துப் பாடினேன். அவன் எடுத்து உதறிவிட்டான். என் பாட்டில் நான் விடாத சத்தத்தை ஒரு பொடியன் விட்டிருக்கிறான் என்று அதற்கும் எனக்குப் பொறாமைதான். அந்த வரியை மட்டும் அவர்களுக்குக் கொடுக்காதே. அவர்கள் பள்ளத்தை வைத்துக்கொள்ளட்டும், கை தட்டட்டும். வரி என்னுடையது. நான் இல்லாத மேடையில் நீ வாயை மூடிக்கொண்டு நில்.

இதோடு ஒரு கட்டி காரச் சோப்பு அனுப்பியிருக்கிறேன். இனிமேல் யார் சட்டையைத் துவைத்தாலும் இதில் துவை. மணக்காது.

இன்னும் ஒன்று. நீ ‘என் கைதான்க்கா’ என்று சொன்னபோது லூசியஸ் நாலாவது வரிசையில், நீள முடிப் பிள்ளைகளுக்கு நடுவில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஆர்கன் இல்லை, கட்டை இல்லை, இருந்தாலும் பழக்கம் விடுமா, தாடை உயர்ந்தது. நான் அடுத்த வரியை எடுத்தேன். நீயும் எடுத்தாய். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எடுத்துவிட்டோம். யாருக்கு உயர்த்தினீர் என்று வழியெல்லாம் கேட்டேன். லாரியை ஓட்டிக்கொண்டே ‘பாட்டுக்கு’ என்கிறார். நான் அதை நம்பவில்லை.

நீ அவர் பக்கமாகத்தான் நின்றாய். யாருக்கு என்று எழுது. விளக்கு கண்ணில் அடித்தது என்று மறுபடியும் எழுதாதே.

உன் அக்கா
ஓசெல்லா